இரவல் சக்கரங்கள்

நெய்சா காசை டயரின் பள்ளத்துக்குள் செங்குத்தாகச் செருகினாள். காசின் விளிம்பில் இருந்த எழுத்துகள் ரப்பருக்குள் முழுகிப்போயின. முழுகினால் டயரின் பட்டன் இன்னும் தேயாமல் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த சக்கரத்துக்குப் போக எழுந்தபோது முழங்காலில் ஆலங்கட்டி நசுங்கிய ஈரம் ஒட்டியிருந்தது. எல் ஆல்டோவின் தெரு முழுக்க உப்பு மூட்டை சிதறியதுபோல் வெள்ளையாகக் கிடந்தது. விளக்குக் கம்பத்தில் திருடர்களுக்கு எச்சரிக்கையாகத் தொங்கவிட்டிருந்த துணிப்பொம்மையின் தோளிலும் ஒரு பிடி பனி. மழைக்காலம் வந்துவிட்டது. இனி மூன்று மாதத்துக்கு கீழே இருக்கும் லா பாஸ் நகரத்துக்குப் போகிற மலை இறக்கம் முழுவதும் எண்ணெய் தடவிய தட்டு மாதிரிதான் இருக்கும்.

டயர் முடிந்ததும் ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினாள். அதற்கடியில்தான் எஞ்சின். ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிரேக் ஆயில் டப்பாவை உலுக்கிக் கோடு தேடினாள். பெல்ட்டை விரலால் அமுக்கினாள். இந்த வேன் ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்தபின் கப்பலேறி வந்தது. வலப்பக்கம் இருந்த ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் அறுத்து இடப்பக்கம் பற்றவைத்திருந்தார்கள். கதவில் இன்னும் ஏதோ ஒரு பூக்கடையின் ஜப்பானிய எழுத்து இருந்தது. அறுத்து ஒட்டிய ஓர் உடம்பை நம்பி பதினைந்து பேர் ஏறுகிறார்கள். தினமும் ஒருமுறை குனிந்து பார்ப்பதில் என்ன கௌரவக் குறைச்சல் என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை. ஸ்டாண்டில் இருந்தவர்களுக்கு அவள் குனிவதே புரியவில்லை.

"என்ன பட்டதாரி, வண்டிக்குக் காய்ச்சலா?" என்றான் பின்னால் நின்ற வேன்காரன், ரொட்டியை மென்றுகொண்டே.

"நாக்கை நீட்டச் சொல்லிப் பாரு தங்கச்சி," என்றான் இன்னொருவன்.

"உங்க டயரைக் காட்டுங்கண்ணே, பார்ப்போம். உங்க மண்டையிலயாவது நாலு முடி மிச்சம் இருக்கு."

சிரித்தார்கள். அவளும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அவர்கள் தன்னைப் பட்டதாரி என்று கூப்பிடும்போது அதில் பாதி கேலி, பாதி நிஜமான மரியாதை இருப்பது அவளுக்குத் தெரியும். எது எந்தப் பாதி என்று அவர்களுக்கே தெரியாது. குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. சமூகவியல். வேலைக்கு எழுதிப்போட்ட இடங்களில் எல்லாம் அவளுடைய குடும்பப் பெயரான லிமாச்சி என்ற பூர்வகுடிப் பெயரை வாசித்தவர்கள் அவள் கன்ன எலும்பையும் ஒரு தரம் வாசித்தார்கள். அப்பா அர்ஜென்டினாவுக்குத் தையல் வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். விட்டுப்போனது இந்த வேனையும், சங்கத்தில் அதற்கிருந்த ஓட்ட முறையையும். முறை என்றால் காலையில் எத்தனையாவதாக நீ கிளம்பலாம் என்கிற உரிமை. அது இல்லாத வேன் வெறும் தகரம்.

அந்த வாரம் வருடாந்திர வண்டிச் சோதனை. கண்ணாடியில் ஒட்டும் வட்டமான ஸ்டிக்கர் இல்லாமல் அடுத்த வருஷம் வண்டி ஓட்ட முடியாது. டயர், பிரேக், விளக்கு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்ப்பார்கள். இதற்கு அவர்களுடைய சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒருவரிடம் நல்ல டயர் இருக்கும். சோதனைச் சாவடிக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் அவர் வண்டியைக் கல்லின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு நான்கு சக்கரத்தையும் கழற்றுவார்கள். அவை அடுத்த வண்டிக்கு மாட்டப்படும். அந்த வண்டி உள்ளே போய், ஸ்டிக்கர் வாங்கி, வெளியே வந்து, மனையைச் சுற்றி வந்து நிற்கும். சக்கரம் கழன்று அடுத்த வண்டிக்கு உருளும். தீயணைப்பானும் முதலுதவிப் பெட்டியும் ஜன்னல் வழியே கைமாறும். சாயங்காலத்துக்குள் முழு லைனும் புது டயரோடு சோதனையில் தேறிவிடும். மறுநாள் முழு லைனும் மொட்டை டயரோடு மலை இறங்கும். நல்ல டயர் வைத்திருந்த ஆள் போன வருஷம் வண்டியை விற்றுவிட்டு சான்டா குரூஸ் பக்கம் போய்விட்டான். இந்த வருஷம் லைனில் நல்ல டயர் இருந்தது நெய்சாவிடம் மட்டும்தான்.

சங்கத்தின் அறை கோழி வறுக்கும் கடைக்கு மேல்மாடி. எண்ணெய்ப் புகை படிக்கட்டேறி வந்து கூட்டத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கும். தலைவர் செவேரோ பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யார் வீட்டுச் சாவுக்கும் முதலில் போவார். பெட்டிக்குத் தோள் கொடுப்பார். அந்தப் பெட்டிகளில் சில எந்த வளைவிலிருந்து வந்தன என்று மட்டும் கேட்க மாட்டார்.

"இந்த வருஷம் லிமாச்சி வண்டி டயரு," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமை கடைசி நாள். காலையிலயே எல்லாரும் மனைக்கு வந்துடணும்."

"நான் தர்றதா சொல்லலியே தலைவரே."

அறையில் நாற்காலிகள் நகரும் சத்தம். செவேரோ பொறுமையாகப் புன்னகைத்தார். "இது நீ சொல்றது, நான் சொல்றது இல்ல தாயி. இது அய்னி. உங்க வீட்டுக்குக் கூரை போட்டப்போ நாங்க இத்தனை பேரும் வந்து கலவை சுமந்தோமே, கூலி கேட்டோமா? இன்னிக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. படிச்ச புள்ள, உனக்கு நான் சொல்லணுமா?"

அவள் தேர்வில் அய்னி என்கிற இந்த மாற்றுழைப்பு வழக்கத்தைப் பற்றி இருபது பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். அது நினைவுக்கு வந்து எரிச்சல் கூடியது. "கூரை போட்டீங்க. அந்தக் கூரை இன்னும் என் தலைக்கு மேல இருக்கு. சாயங்காலம் பிரிச்சு எடுத்துட்டுப் போகலியே. நீங்க இப்ப கேக்கறது டயர் இல்ல தலைவரே. ஒரு நாளைக்கு மட்டும் பொய் சொல்ல என் டயரைக் கேக்கறீங்க."

"பணம் இருக்கறவ பேசுறா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எங்களுக்கும் ஆசைதான், புது டயர் மாட்ட."

அந்தக் குரலில் நியாயம் இருந்தது. அந்த டயர்களை வாங்கியது அவள் பட்டமளிப்பு விருந்துக்காக அம்மா சேர்த்த பணத்தில். பட்டம் வாங்கினால் மண்டபம் எடுத்து, பாண்டு வைத்து, பீர்ப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, வந்தவர் எல்லாரும் பட்டதாரியின் தோளில் வண்ணக் காகிதத் துகள் தூவி விடிய விடிய ஆட வேண்டும். மார்க்கெட் தரையில் உட்கார்ந்து உறையவைத்துக் காயவைத்த கறுப்பு உருளைக்கிழங்கு விற்கிற ஒரு பெண், தன் மகளுக்கு அந்த ஒரு ராத்திரியைத் தர எத்தனை வருஷம் சேர்த்திருப்பாள். நெய்சா அந்தப் பணத்தைக் கொண்டுபோய் நான்கு டயரும் பிரேக் ஷூவும் பூட்டு நட்டும் வாங்கி வந்தாள். அம்மா வாசலில் அடுக்கியிருந்த டயர்களைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். "இதை வச்சு யாருடீ ஆடுவா?" என்று மட்டும் கேட்டாள்.

"தரலேன்னா உன் முறையை நிறுத்தி வைக்கறதா இருக்கும்," என்றார் செவேரோ. இப்போது அவள் முகத்தைப் பார்த்தார். "நான் சொல்லல. சங்கம் சொல்லுது."

சங்கம் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் அலேஹோ மாமாவும் ஒருவர். அம்மாவின் தம்பி. அவள் கல்லூரிக்குப் போன ஐந்து வருஷமும் தன் வேனின் முன் சீட்டில் வேறு யாரையும் ஏற்றாமல் வைத்திருந்தவர். "அது பாப்பா சீட்டு," என்று கிழவிகளைக்கூடப் பின்னால் அனுப்புவார். வெள்ளிக்கிழமை தவறாமல் சக்கரங்களுக்குச் சாராயம் தெளித்து, பூமித்தாயிடம் வண்டிக்கு வழி கேட்பார். நெய்சாவும் தெளிப்பாள், தெளிக்கிற கையோடு டயரையும் பார்ப்பாள். மாமா டயரைப் பார்த்து வருஷம் ஆகியிருக்கும். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கம் முழுக்க நியூட்ரலில் விடுவார். எஞ்சின் சத்தமே இல்லாமல், பிரேக் மட்டும் முனகிக்கொண்டு, மொத்த வேனும் கீழே இருக்கிற நகரத்தை நோக்கிக் கல்மாதிரி உருளும். அவர் மட்டுமல்ல, லைனில் எல்லாரும் அப்படித்தான். சின்னக் கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க, ஊளையிட்டுக்கொண்டு இறங்குகிறவள் அவள் ஒருத்திதான். அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தார்கள். "வேன் அழுதுகிட்டே இறங்குது, பட்டதாரி வருது."

போன வாரம் மழையில் மாமாவின் வேன் வளைவில் வழுக்கியது. அம்மா முன் சீட்டில் இருந்தாள், காலடியில் கிழங்கு மூட்டை. வேன் பக்கவாட்டில் சறுக்கிப்போய் நடைபாதைத் திண்டில் முட்டி நின்றது. திண்டுக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று, அதற்குக் கீழே யாருடைய வீட்டுக் கூரையோ. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் தொப்பி மட்டும் ஜன்னல் வழியே பறந்து ஒரு லாரியின் அடியில் போனது. உயரமான, பழுப்பு நிற, நல்ல நாளுக்கு வாங்கிய தொப்பி. அம்மா அன்று வெறுந்தலையோடு வீடு வந்தாள். செத்துப் பிழைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெறுந்தலையோடு மார்க்கெட்டில் உட்கார்ந்ததைப் பற்றித்தான் பொழுதுக்கும் பேசினாள். நெய்சா மாமாவின் வேனை நிறுத்திய இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். காசு செருகிப் பார்க்கப் பள்ளமே இல்லை. ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கிற நூல் வெள்ளையாகத் தெரிந்தது, கிழிந்த கால்சட்டையில் முட்டி தெரிவதுபோல.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனபோது செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா அடுப்படியில் கிழங்கைப் பிதுக்கித் தோலுரித்துக்கொண்டிருந்தாள். பழைய தொப்பி ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தாள். மழை பட்டு ஓரம் தளர்ந்த தொப்பி. மகளின் பக்கம் திரும்பவே இல்லை.

"மாமாவுக்கு ஸ்டிக்கர் கிடைக்கலேன்னா நாலு புள்ளைங்களும் என்னத்தைத் திங்கும்?"

"டயர் வாங்கச் சொல்லு."

"எதை வச்சு வாங்குவான்? அவன் பொண்ணுக்குப் பட்டமளிப்பு விருந்தா வச்சிருக்கான், அந்தக் காசை எடுத்து வாங்க?"

அம்மா ஓர் உருளைக்கிழங்கைத் தேவைக்கு மேல் அழுத்திப் பிதுக்கினாள். "அஞ்சு வருஷம்டீ. உனக்காக அந்தச் சீட்டைக் காலியா வச்சு அவன் இழந்த டிக்கெட்டைக் கூட்டிப் பார்த்திருக்கியா? அவன் கூட்டல. அதான் அவனுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்."

"அன்னிக்கு அந்தத் திண்டு இல்லேன்னா நீ இப்ப கிழங்கு உரிச்சிக்கிட்டு இருக்க மாட்டே, தெரியுமா?"

"திண்டு இருந்துச்சுல்ல."

இந்த ஊரே அப்படித்தான் ஓடுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. திண்டு இருந்தது. லாரி கொஞ்சம் தள்ளி வந்தது. மழை நேற்றே நின்றுவிட்டது. அதிர்ஷ்டத்தைச் சம்பளம் மாதிரி மாதாமாதம் வாங்கிப் பழகிவிட்டோம். ஒரு மாதம் வராவிட்டால் கூடிப்போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுக்கிறோம். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் எப்போதும்போல் கோபம்தான் வந்தது. அதோடு ஒரு யோசனையும் வந்தது. அதை அப்போதே சொல்லியிருந்தால் அம்மா காலில் விழுந்து தடுத்திருப்பாள்.

"சரி," என்றாள். "மாமாவுக்குத் தர்றேன்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது. மகள் சொன்னதில் பாதியைத்தான் அவள் கேட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மனையில் வேன்கள் வரிசையாக நின்றன. யாரோ அடுப்பு மூட்டிச் சோளக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஊதா நிறக் கஞ்சியின் ஆவி திருவிழா மாதிரி மணந்தது. நெய்சா தன் வேனைச் சோதனைக்குள் ஓட்டிப்போய், பிரேக் மிதிக்கச் சொன்ன இடத்தில் மிதித்து, விளக்கு போடச் சொன்னபோது போட்டு, ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்டிக்கருக்குப் பசைகூடச் சரியாகக் காயவில்லை. மனைக்குள் திரும்பியதும் கைதட்டினார்கள். செவேரோ ஒரு கோப்பைக் கஞ்சியை அவரே கொண்டுவந்து நீட்டினார்.

"நம்ம புள்ளதான்னு எனக்குத் தெரியும் தாயி."

"முதல்ல எங்க மாமா வண்டிக்கு," என்றாள் நெய்சா. கஞ்சியை வாங்கிக் குடித்தாள். நன்றாக இருந்தது.

"உன் டயரு, உன் இஷ்டம். அப்புறம் வரிசைப்படி."

பஞ்சர் கடைக்காரர் ஸ்பேனரோடு வந்தார். அவள் வேண்டாமென்றாள், தானே கழற்றுவதாகச் சொன்னாள். மேலே போட்டிருந்த குளிர்ச்சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா கிழங்கு மூட்டையோடு வந்திருந்தாள். ஸ்டிக்கர் வாங்கின கையோடு தம்பியின் வேனிலேயே மார்க்கெட்டுக்கு இறங்கலாம் என்று. நெய்சா தன் வேனுக்கு ஜாக்கி போட்டாள், ஒவ்வொரு மூலையிலும் கல் அடுக்கினாள், சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போனாள். மாமா தன்னுடைய மொட்டைச் சக்கரங்களைத் தானே கழற்றி ஓரமாகச் சாய்த்துவைத்திருந்தார். மருமகளை நேராகப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. நட்டுகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

"உனக்குச் சிரமம் குடுக்கறேன் பாப்பா."

"பேசாம அந்தப் போல்ட்டைத் துடைங்க மாமா. மண்ணா இருக்கு."

எல்லா நட்டையும் குறுக்கும் மறுக்குமாக முறுக்கினாள், ஒரே பக்கம் இழுக்காமல். கடைசி நட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்திலும் தன் பூட்டு நட்டைப் போட்டாள். சக்கரத் திருடர்களுக்காக வாங்கியது. அதன் தலை ஆறு பட்டை இல்லை. பூ மாதிரி ஒரு வடிவம். அதற்கென்று இருக்கிற குட்டிச் சாவியை மாட்டினால் ஒழிய எந்த ஸ்பேனரும் பிடிக்காது. நான்கையும் இறுக்கியபின் சாவியைப் பழக்கத்தில் அம்மாவின் கையிலிருந்த தன் சட்டையின் பையில் போட்டாள். மாமா வேனைக் கிளப்பினார். அம்மா முன் சீட்டில் ஏறி, சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்தாள். வேன் சாவடிக்குள் போனது.

திரும்பி வந்தபோது கண்ணாடியில் வட்ட ஸ்டிக்கர் இருந்தது. மாமா ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். அடுத்த வேன்காரன் ஏற்கனவே தன் வண்டிக்கு ஜாக்கி போட்டுவிட்டான். பஞ்சர் கடைக்காரர் மாமா வேனின் முன் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து நட்டுகளைக் கழற்றினார். கடைசி நட்டில் ஸ்பேனர் வழுக்கியது. இன்னொரு ஸ்பேனர் போட்டார். அதுவும் வழுக்கியது.

"இதுக்குச் சாவி வேணுமே," என்றார்.

எல்லாரும் நெய்சாவைப் பார்த்தார்கள். அவள் கல்லின் மேல் நிற்கிற தன் வேனில் சாய்ந்து நின்றாள். "சாவி கிடையாது," என்றாள். "அந்த டயரு மாமா வண்டியோடதான் இருக்கும். இன்னிக்கு மட்டும் இல்ல. தேயற வரைக்கும்."

செவேரோ அவள் வேனுக்கு அடியில் இருந்த கல்லைப் பார்த்தார். "அப்ப உன் வண்டி?"

"நிக்கும். டயர் வாங்கற வரைக்கும் நிக்கும். டயர் இல்லாத வண்டி நிக்கணும் தலைவரே. அதானே சட்டம்? ஊருக்கு ஒரு வண்டியாவது சட்டப்படி நிக்கட்டும்."

மனையில் கூச்சல் எழுந்தது. இன்றைக்குக் கடைசி நாள், சாயங்காலம் சாவடியை மூடிவிடுவார்கள், இத்தனை வண்டியும் என்ன ஆவது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவன் அவள் முகத்துக்கு நேரே வந்தான். அன்றைக்கு ஸ்டாண்டில் வண்டிக்குக் காய்ச்சலா என்று கேட்டவன்தான். இப்போது கேலி இல்லை. "என் புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவே?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவள் அதற்குத் தயாராக இல்லை.

"மாட்டேன்," என்றாள். குரல் உடைந்தது, உடைந்ததை விட்டுவிட்டு அடுத்ததைச் சொன்னாள். "உங்க வண்டியில ஏர்றவங்களுக்கும் புள்ளைங்க இருக்குண்ணே. அவங்களுக்கு யாரு போடுவா?"

அலேஹோ மாமா இறங்கி வந்தார். முகம் காதுவரை சிவந்திருந்தது. "பாப்பா, எல்லார் முன்னாலயும் என்னை அசிங்கப்படுத்தாதே. நான் பிச்சையா கேட்டேன்? சாவியைக் குடுத்துரு. நான் கெஞ்சறேன்."

"நீங்க அஞ்சு வருஷம் எனக்குச் சீட்டுக் குடுத்தீங்களே மாமா, நான் பிச்சைன்னா நினைச்சேன்?"

செவேரோ பஞ்சர் கடைக்காரரை உளி எடுத்துவரச் சொன்னார். கடைக்காரர் நட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். உளி வைத்தால் போல்ட்டே முறிந்துவிடும், பிறகு இந்த வண்டியும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்றார். "அப்ப சாவியைத் தேடுங்க," என்றார் செவேரோ. "அவ வண்டிக்குள்ளதான் வச்சிருப்பா."

அப்போதுதான் நெய்சாவின் கை தானாகத் தன் பக்கவாட்டைத் தடவியது. சட்டை இல்லை. சட்டை அம்மாவிடம். சாவி சட்டைப் பையில். அம்மாவிடம் போய்ச் சேர்ந்த எந்தப் பொருளும் தம்பி கெஞ்சினால் ஒரு நிமிஷம் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். தவிர, அந்த டயர்மேல் அம்மாவுக்கு என்ன பாசம்? ஒரு ராத்திரி ஆட்டத்தைத் தின்றுவிட்ட டயர்கள் அவை.

அம்மா வேனிலிருந்து இறங்கினாள். இறங்குவதற்குள் பாவாடை அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்து, மூட்டையை நகர்த்தி, காலைத் தேடி வைக்க வேண்டியிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நேராக செவேரோவின் முன்னால் போய் நின்றாள். அவருடைய நெஞ்சு உயரம்தான் இருந்தாள், தொப்பியையும் சேர்த்து.

"இதையா தேடுறே?" உள்ளங்கையில் சாவி இருந்தது. நெல்லிக்காய் அளவு இரும்பு.

"நீ நல்லவ எமெத்தேரியா அக்கா," என்று செவேரோ கையை நீட்டினார். "புள்ளைக்குப் படிப்பு ஏறின அளவு புத்தி ஏறல. குடு."

அம்மா சாவியை எடுத்து, மேல்துணியை விலக்கி, கம்பளிச் சட்டையை விலக்கி, ரவிக்கைக்குள் ஆழமாக இறக்கினாள். பிறகு துணியைப் பழையபடி இழுத்துவிட்டு ஊசியைக் குத்தினாள்.

"வந்து எடுத்துக்கோ."

ஒருவன் சிரித்துவிட்டான். கஞ்சி காய்ச்சுகிறவள் சட்டுவத்தால் பானையைத் தட்டினாள். செவேரோவின் நீட்டிய கை எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் காற்றிலேயே நின்றது.

"அக்கா, விளையாடாதே."

"யாரு விளையாடுறா? என் பொண்ணு பட்டம் வாங்கினதுக்கு ஒருத்தனும் ஆடல. பாண்டு இல்ல, பீரு இல்ல. அந்தக் காசு பூராவும் இந்தா, இந்த நாலு சக்கரமா நிக்குது. ஆடத்தான் குடுத்து வைக்கல, ஏறியாவது போறேன். போன வாரம் என் தொப்பி போச்சு. அடுத்த வாரம் தொப்பி வைக்கத் தலை வேணும்ல?" தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டா மரம் மாதிரி நிக்கிறே? மார்க்கெட்டுக்கு நேரமாவுது. கழட்டின நட்டை மாட்டிட்டு வண்டியை எடு."

மாமா நட்டுகளைப் பொறுக்கினார். நெய்சா போய் உதவப் பார்த்தாள். அவர் முழங்கையால் தடுத்துவிட்டுத் தானே முறுக்கினார், குறுக்கும் மறுக்குமாக, அவள் செய்ததுபோலவே. அவர் முகத்தில் கோபம் இருந்தது. நன்றி இருந்ததா என்று தெரியவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

செவேரோ அவளிடம் வந்தார். "அட்டை," என்றார். அவள் வேனுக்குள் கையை விட்டுக் கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த முறை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அப்பாவின் பெயரை அடித்து அவள் பெயர் எழுதியிருந்த அட்டை. அவர் அதைக் கிழிக்கவில்லை. பச்சை அங்கியின் பையில் போட்டுக்கொண்டார்.

"கூட்டத்துல பேசிக்கலாம்."

"வருவேன். கோழிக்கடை மேலதானே? நடந்தே வருவேன்."

அவர் போனபின் மற்றவர்களும் கலைந்தார்கள். சிலர் வேறு சங்கத்துக்குப் போன் போட்டார்கள், யாரிடமாவது டயர் இருக்கிறதா என்று. கிடைக்கும். இந்த ஊரில் இரவல் கிடைக்காமல் போகாது. கண் கலங்கியவன் மட்டும் தன் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்ன பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கவும் முடியவில்லை. ஆலங்கட்டி மறுபடி விழ ஆரம்பித்தது. நெய்சா தன் வேனில் ஏறி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வேன் கல்லின் மேல் லேசாக ஆடி நின்றது. முன் கண்ணாடியில் புது ஸ்டிக்கர். சக்கரம் இருக்க வேண்டிய நான்கு இடத்திலும் காற்று புகுந்து ஊதியது. தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்காதுபோல் இருந்தது. ஜன்னலை இறக்கிக் காதை வெளியே வைத்தாள்.

மாமாவின் வேன் மனையை விட்டு வெளியேறி விளிம்புச் சாலைக்கு வந்தது. அங்கிருந்து இறக்கம். முன் சீட்டில் அம்மாவின் பழைய தொப்பி தெரிந்தது, பக்கத்தில் நெய்சாவின் சட்டையும் இருக்கும். இந்த இடத்தில்தான் எல்லாரும் நியூட்ரல் போடுவார்கள். எஞ்சின் சத்தம் அடங்கிவிடும், வண்டி மூச்சு விடாமல் உருளத் தொடங்கும். அவள் கை தானாகப் போய் தன் வேனின் கியர்க் கம்பியைப் பிடித்தது. சாலை சரிந்தது. வேன் மூக்கைக் கீழே சாய்த்தது. சத்தம் தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, நின்றுவிடும்போல் ஆனது. பிறகு இரண்டாம் கியரில் எஞ்சின் ஊளையிட்டது, யாரோ இழுத்துப் பிடிக்கிற மாடு கத்துவதுபோல, கரகரத்து, பிடிவாதமாக. அழுதுகொண்டே இறங்குகிற வேன். முதல் வளைவில் வண்டி மறைந்தது. சத்தம் மட்டும் பள்ளத்திலிருந்து ஏறி ஏறி வந்துகொண்டிருந்தது. சக்கரமில்லாத வேனில் உட்கார்ந்து, கியரை இரண்டாவதில் தள்ளிப் பிடித்தபடி, அது கேட்கிற வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.